ஊசிக்கு முன்னால் தொப்பையைப் பாருங்கடா

அன்புள்ள பழைய மாணவர்களே, மாப்பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். 40 தாண்டியவர்கள் முழுதாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு மாணவன் வந்திருந்தான். வயது 41, தாமதமாகத் திருமணம் ஆனவன், குழந்தைக்கு ஏங்குகிறான். "சார், எப்பவும் அசதி. டெஸ்டோஸ்டிரான் கம்மியாம். ஜிம்ல ஒருத்தர் ஊசி வாங்கித் தர்றேன்னார்" என்றான்.

ஏண்டா, நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்தினேனே! வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால், "போதுமான அளவு இருக்கிறது" என்று பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விந்தகம் சும்மா இருந்துவிடும். விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்யமே ஆகிவிடும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை வேண்டும் என்பவன் போட்டுக்கொள்கிற ஊசியா இது?

பரிசோதனை எப்போது எடுத்தாய் என்றேன். சாயங்காலம், டிபன் சாப்பிட்டுவிட்டு, ஒரே தடவையாம். இந்த ஹார்மோன் காலையில்தான் அதிகம் இருக்கும். வெறும் வயிற்றில், காலையில், இரண்டு வெவ்வேறு நாட்கள் எடுத்து, இரண்டிலும் குறைந்திருந்தால்தான் பேச்சே. 300 நானோகிராமுக்குக் கீழ் என்பது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் கணக்கு. அதோடு அறிகுறியும் இருக்க வேண்டும்.

அவன் இடுப்பை நானே டேப் வைத்து அளந்தேன். 104 செ.மீ. நம் ஊர் ஆணுக்கு 90தான் எல்லை. தொப்பைக் கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எடை குறைந்தால் அளவு தானாக ஏறும். தூக்கமும் முக்கியம். ஒரு வாரம் தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்த இளைஞர்களுக்கே 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் சிகாகோ ஆய்வு சொன்னது. நம்மாள் இரவு 1 மணி வரை ரீல்ஸ் பார்க்கிறான்.

அந்தக் காலத்தில் "வாலிப வயோதிக அன்பர்களே" என்று லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்றார்கள். காசோடு போச்சு. இன்று போனுக்குள் வந்து விற்பவர்கள் வம்சத்திலேயே கை வைக்கிறார்கள்.

பிட்யூட்டரியிலோ விந்தகத்திலோ உண்மையான நோய் உள்ளவர்களுக்கு இது அவசியமான மருந்துதான், மறுக்கவில்லை. அதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முடிவு செய்யட்டும், ஜிம் மாஸ்டர் அல்ல.

வாரம் 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஜிம்முக்குக் காசில்லையா? வகுப்பில் நான் போடச் சொன்ன தோப்புக்கரணம் ஞாபகம் இருக்குமே, அதில் தொடங்குங்கள். அவனை நாளைக் காலை 5:30க்கு ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வரவில்லை என்றால் அவன் மனைவிக்குப் போன் போடுவேன்.