கூலியா, தட்சணையா?

ரெட்டியார்பாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து காலையில் பதிவேடும் பையுமாகக் கிளம்பும் ஆஷா பெண்களைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். கர்ப்பிணி வீடு, காசநோயாளி வீடு, பாயோடு கிடக்கும் கிழவர் வீடு என்று நடப்பதே அவர்கள் வேலை. இதற்குச் சர்க்கார் கொடுப்பது என்ன? சம்பளமா? இல்லை. கூலியா? அதுவும் இல்லை. ஊக்கத்தொகையாம்!

இந்தப் பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, வைப்பு நிதி, பிரசவ விடுமுறை எல்லாம் கொடுத்தாக வேண்டும். தொண்டர் என்று சொல்லிவிட்டால் ஒரு கும்பிடோடு தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வீடு திரும்பியவளை 42 நாட்களுக்குள் ஆறு முறை போய்ப் பார்த்து, குழந்தையை நிறுத்து எழுத வேண்டும். அத்தனைக்கும் சேர்த்து மத்திய சர்க்கார் வகுத்த தொகை 250 ரூபாய். ஒரு நடைக்கு 42 ரூபாய்கூட இல்லை!

சர்க்காரும் முதலாளிகளும் கூட உட்கார்ந்திருந்த 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மகாநாடே, 2013-இல், இத்தகைய திட்ட ஊழியர்களைத் தொழிலாளராக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி தரவேண்டுமென்று சிபாரிசு செய்தது. சிபாரிசு தூங்குகிறது. 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருதைப் போட்டு உலை வைக்க முடியுமா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம்தான். ஆனால் வீடு தேடி மாத்திரை கொண்டு போகும் பெண்ணுக்குத் ‘தன்னார்வலர்’ என்று பெயர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். இடதுசாரிகள் ஆண்ட கேரளத்திலும் 2025-இல் ஆஷாக்கள் எட்டு மாதங்களுக்கு மேல் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள்; 7,000 ரூபாய் 8,000 ஆயிற்று. இதை மறைத்து எழுதுவானேன்? ஆள்வோர் மனம் வந்தபோது உயர்த்துவது தட்சணை. கூலி அப்படியல்ல, சட்டத்தைக் காட்டிக் கேட்டு வாங்குவது.

அந்தச் சட்டத்தின் விலை புதுவைக்குத் தெரியும். 1936 ஜூலை 30-இல் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அதன் பிறகே 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. அந்த மரபில் வந்த சங்கங்களிலேயே, “பெண்பிள்ளைகளின் சில்லறை வேலைதானே” என்று பேசுகிற தோழர்கள் இன்றும் உண்டு. நம் தாயாருக்கு மாத்திரை கொடுத்து, புண்ணைப் பார்த்துவிட்டுப் போவது சில்லறை வேலையா?

புதுவைச் சங்கங்கள் சர்க்காரிடம் அடுத்துக் கொடுக்கும் மகஜரில், ஆஷாவும் அங்கன்வாடி ஊழியரும் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் சேரவேண்டும் என்பது முதல் கோரிக்கையாக இருக்கட்டும். கடைசி வரியில் ஒட்டவைக்க வேண்டாம்.