பைலட் தூக்கமும் நெல்லு ஈரமும்

விமானத்தைப் பத்தி இவன் எதுக்கு எழுதறான்னு நினைப்பீங்க. எங்க டெல்டாவுல எந்தத் தெருவுக்குப் போனாலும் துபாய், சார்ஜா, சிங்கப்பூர்ல ஆள் இருக்கற வீடு நாலு இருக்கும். 2018 அக்டோபர்ல திருச்சியில இருந்து துபாய்க்குக் கிளம்பின விமானம் விமான நிலையத்துச் சுற்றுச்சுவரை இடிச்சுக்கிட்டே மேல போச்சு. உள்ள 136 பேர். அடிவயிறு கிழிஞ்ச விமானம் சில மணி நேரம் பறந்துட்டு மும்பையில இறங்குச்சு. 2024 அக்டோபர்ல சார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல திருச்சி வானத்துலயே வட்டம் போட்டுச்சு. அன்னிக்கு டிவி முன்னாடி உட்காராத வீடு இல்லை. அதனால எழுதறேன்.

2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்குல ரத்தாச்சே, அப்ப நீங்க எல்லாரும் கோபப்பட்டீங்க. சரியான கோபம்தான். ஆனா அந்தக் கூச்சல்ல டெல்லியில என்ன நடந்துச்சுன்னு எத்தனை பேர் கவனிச்சீங்க?

பைலட்டுங்க தூக்கமில்லாம ஓட்டறாங்கன்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2024 ஜனவரியில புது விதி போட்டுச்சு. வார ஓய்வு 36 மணி நேரம் இருந்தது 48 ஆகணும். ராத்திரி டூட்டியில 6 தடவை வரைக்கும் தரையிறக்கலாம்னு இருந்தது 2 ஆகணும். அந்த வருஷம் ஜூன்லயே அமலுக்கு வந்திருக்க வேண்டியது. கம்பெனிக்காரங்க ஆகாதுன்னாங்க, தள்ளிப் போட்டாங்க. விவகாரம் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய், கடைசியில 2025 ஜூலையில ஒரு பாதி, நவம்பர்ல ஒரு பாதின்னு வந்துச்சு. ஆள் எடுக்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அவகாசம். அதுக்குள்ள ஒரு போகம் இல்லை, நாலு போகம் அறுத்திருக்கலாம்.

இண்டிகோ போதுமான ஆளை வச்சுக்கலை. டிசம்பர் 5ம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல விமானம் நின்னுச்சு. அதே நாள்ல டி.ஜி.சி.ஏ. என்ன செஞ்சுச்சு? லீவைக் காட்டி வார ஓய்வைக் கழிக்கக் கூடாதுங்கற விதியை வாபஸ் வாங்குச்சு. இண்டிகோவுக்கு மட்டும் ராத்திரி டூட்டி விதியில இருந்து 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு கொடுத்துச்சு. தப்பு பண்ணினவனுக்கு ஒரே நாள்ல தளர்வு.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்க மாட்டாங்க. மழையில நனைஞ்ச குறுவையை ரோட்டுல கொட்டிக்கிட்டு, 22 வரைக்கும் தளர்த்துங்கய்யான்னு நாங்க கெஞ்சுவோம். டெல்லியில இருந்து குழு வரும், நெல்லைக் கையில அள்ளிப் பார்க்கும், மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பும். 2025 நவம்பர்ல அதெல்லாம் முடிஞ்சு, முடியாதுன்னு பதில் வந்துச்சு. நெல்லு ஈரத்துக்கு அத்தனை சோதனை. பைலட் தூக்கத்துக்கு ஒரு மாதிரிகூட எடுக்கலை.

டி.ஜி.சி.ஏ. அதிகாரிங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்களுக்கு முதுகெலும்பு வைக்காததே ஏற்பாடா இருக்கு. மேய வந்த மாட்டைப் பிடிச்சுப் பட்டியில அடைக்கற ஆளு மாட்டுக்காரர் வீட்டுலயே சம்பளம் வாங்கினா எந்த மாட்டை அடைப்பான்? விமானத் தொழிலை வளர்க்கறது விமானப் போக்குவரத்து அமைச்சகம். கண்காணிக்கற டி.ஜி.சி.ஏ.வும் அதுக்குக் கீழ. விழுந்தா விசாரிக்கற அமைப்பும் அதுக்குக் கீழ. 2022 ஜனவரி வரைக்கும் ஏர் இந்தியாவே அவங்களோடதுதான்.

2010 மங்களூர் விபத்துல 158 பேர் செத்தாங்க, துபாய்ல இருந்து வந்த சனங்க. அதுக்கப்புறம் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒண்ணு போட்டாங்க. அதுல இருந்த சென்னை கேப்டன் மோகன் ரங்கநாதன், மழையில, பின்காத்துல கோழிக்கோடு ரன்வேயில இறங்கறது ஆபத்துன்னு 2011லயே எழுதிக் கொடுத்தார். 2020 ஆகஸ்ட் 7, அதே கோழிக்கோடு, அதே மழை, அதே பின்காத்து. 21 பேர் போனாங்க. விசாரணை அறிக்கை பைலட் மேல காரணத்தை வச்சது. அவர் திரும்பி வந்து பதில் சொல்லப் போறதில்லையே.

மாத்த முயற்சியே நடக்கலையான்னா, நடந்துச்சு. தனி நிதியோட, தன் ஆளைத் தானே எடுத்துக்கற சுதந்திர ஆணையம் அமைக்க 2013ல காங்கிரஸ் அரசு மக்களவையில மசோதா கொண்டு வந்துச்சு. தேர்தல் வந்துச்சு, சபை கலைஞ்சுச்சு, மசோதாவும் போச்சு. பின்னாடி வந்த பா.ஜ.க. அரசுக்கு மெஜாரிட்டி இல்லாமலா இருந்துச்சு? 2020ல திருத்தம் கொண்டு வந்து டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தாங்க. கூடவே, மத்திய அரசு அதுக்கு உத்தரவு போடலாம், அது போட்ட உத்தரவை மாத்தலாம்னும் எழுதிக்கிட்டாங்க. 2024ல 1934ம் வருஷத்துச் சட்டத்தையே தூக்கிட்டுப் புதுசு கொண்டு வந்தப்பவும் கடிவாளம் டெல்லி கையிலதான். அந்தச் சட்டத்துக்கு இந்திப் பேர் எதுக்குன்னு எதிர்க்கட்சிக்காரங்க கேட்டாங்க. கேட்க வேண்டியதுதான். கடிவாளத்தையும் அதே குரல்ல கேட்டிருக்கலாம்.

நடுவுல ஒரே ஒரு தடவை வேகமா வேலை நடந்துச்சு. 2014 ஜனவரியில, இந்தியாவுல விமானிகளைச் சோதிக்கற ஆய்வாளர்கள் போதலைன்னு சொல்லி அமெரிக்கா நம்மளை ஒரு படி கீழ இறக்கிருச்சு. அமெரிக்காவுக்குப் புது விமானம் விட முடியலை. உடனே ஆள் எடுத்தாங்க, 2015 ஏப்ரல்ல பழைய இடம் கிடைச்சுது. அமெரிக்காக்காரன் கையை முறுக்கினா நடக்கறது, மங்களூர்ல செத்தவங்களுக்காக நடக்கலை.

இப்ப நிலைமை? 2025 ஜூன்ல அகமதாபாத்ல 260 பேர் செத்தாங்க. அதன் காரணத்தை விசாரணை சொல்லட்டும், நான் ஊகிக்கலை. ரெண்டு மாசம் கழிச்சு நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையைப் பாருங்க. டி.ஜி.சி.ஏ.வுல அனுமதிச்ச பணியிடம் 1063, ஆள் இருக்கறது 553. கிட்டத்தட்ட பாதி நாற்காலி காலி. மடை காவலுக்குப் பாதி ஆளைப் போட்டுட்டு, தண்ணி கடைமடை வரைக்கும் போகுதான்னு கேட்கற மாதிரி.

இதை யாரும் சரி பண்ணாததுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம், புது விமான நிலையம் திறந்தா ரிப்பன் வெட்டலாம், போட்டோ போடலாம். ஆய்வாளர் பதவி நிரப்பினா எந்த ஊர்லயும் போஸ்டர் ஒட்ட மாட்டாங்க. உள்நாட்டுல பறக்கற பத்துப் பேர்ல ஆறு பேருக்கு மேல ஒரே கம்பெனியில பறக்கறப்ப, அவன் நிறுத்தினா நாடே நிக்கும்னு எல்லாக் கட்சிக்கும் தெரியும். டிசம்பர்ல அதைத்தான் பார்த்தோம். அப்புறம் இண்டிகோவைக் கண்காணிச்ச நாலு ஆய்வாளர்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. நாலு பேரும் ஒப்பந்தத்துல இருந்தவங்க. விதியைத் தளர்த்தச் சொன்னது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்கலை.

டிக்கெட் பணம் எப்ப வரும்னு டிசம்பர்ல எம்.பி.க்களை டேக் பண்ணி எழுதினீங்களே, அதே ஆட்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி போடுங்க. அந்த 510 நாற்காலி எப்ப நிரம்பும்? 2013 மசோதாவை நீங்க தனிநபர் மசோதாவாவது கொண்டு வருவீங்களா? பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க. எங்க தொகுதி எம்.பி.க்கு நான் தபால்ல போட்டிருக்கேன்.