வீடுகளிற் கூடும் விசுவாசிகள்

கோயில் என்றதும் கோபுரமும் மணியோசையும் பீடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கிறிஸ்தவர்களின் முதற் கோயில்கள் வீடுகளே. பிரிஸ்கா, அக்கில்லா என்னும் தம்பதிகளின் இல்லத்திற் கூடிய சபைக்குப் பவுலடியார் வாழ்த்து அனுப்பினார். அவ்விருவரும் கூடாரம் செய்து பிழைத்த தொழிலாளர்.

அயலிலுள்ள சில கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டிற் கூடி, நற்செய்தியை வாசித்து, அதைத் தம் வாழ்வோடு ஒப்பிட்டு உரையாடும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. தமிழில் இதற்கு 'அன்பியம்' என்ற அழகிய பெயரும் உண்டு. இதைப் புதுமோகம் என்று ஒதுக்குவோர் நமது வரலாற்றை மறந்தவர்களே.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் துரத்தினர். குருவானவருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர். 1687இல் யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, நிலையான குருவின்றி விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? கதவைச் சாத்திக்கொண்டு செபித்த குடும்பத்தவர்களே. 2015இல் கொழும்பில் அடிகளார் புனிதராக உயர்த்தப்பட்டபோது பெருமிதமடைந்த நாம், அவரை ஏற்று மறைத்து வைத்த எளிய வீடுகளையும் நினைத்திருக்க வேண்டும்.

1968இல் மெடலின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் இத்தகைய சிறு சமூகங்களைத் திருச்சபையின் அடித்தள அணுவாகக் கண்டனர். 1976இல் கிழக்காபிரிக்க ஆயர்கள் அவற்றை வளர்ப்பதைத் தம் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக்கினர். குருமார் அரிதாகவே வந்துபோகும் கிராமங்களில் அவை உழவரையும் கூலியாளரையும் வாய்திறந்து பேசவைத்தன.

இதனால் குருவின் மதிப்புக் குன்றும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அரசியல் புகுந்துவிடும் என்று வேறு சிலர் கலங்குகின்றனர். 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் திருச்சபையோடு ஒன்றித்து வாழும் குழுக்களை வரவேற்றார். கசப்பில் வளரும் குழுக்களையே எச்சரித்தார். வீட்டிற் கூடுவதை அவர் குற்றமாகக் கருதவில்லை.

நமது கவலை வேறு. தென்னாபிரிக்காவின் லும்கோ நிலையம் இக்கூட்டங்களுக்கு ஏழு படிகளை வகுத்தது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை மீண்டும் உரைத்தல், மௌனம் காத்தல், பகிர்தல், செய்யவேண்டிய பணியைத் தீர்மானித்தல், செபித்து முடித்தல் என்பன அவை. கற்றவர் விரிவுரை நிகழ்த்துவதற்கு இவற்றுள் ஒரு படியேனும் இல்லை என்பதை நம் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் கவனிப்பார்களாக! விதைப்பவனின் உவமையைப் பற்றி, சேற்றில் இறங்கி விதைத்த கமக்காரனுக்குச் சொல்லத் தெரிந்தது பட்டதாரிக்குத் தெரியாது.

ஏழு படிகளில் அடிக்கடி தவறவிடப்படுவது ஆறாவதுதான். உருக்கமாகப் பேசுகிறோம், தேநீர் அருந்துகிறோம், கலைந்து செல்கிறோம். அயலில் ஒரு விதவையின் வேலி சரிந்து கிடக்கிறது. கடன்பட்ட ஒருவனின் பயிர் வாடுகிறது. அவற்றைப் பற்றி ஒன்றும் தீர்மானிக்காத கூட்டம் நற்செய்தியைக் கேட்டதேயன்றி ஏற்கவில்லை.

இன்னுமொரு கேள்வி உண்டு. கூட்டம் யாருடைய வீட்டில் நடக்கிறது? ஆண்டு முழுவதும் கல்வீட்டு விறாந்தைகளிலேயே நடக்குமாயின், எளியவரின் குடிசைக்கு முறை வரும்போது மட்டும் சிலருக்குத் தலையிடி வருமாயின், ஒதுக்கப்பட்ட சாதியார் வீட்டுத் தண்ணீரைத் தொட நா கூசுமாயின், அங்கே கூடியது அன்பியமன்று. பழைய அகந்தை செபமாலை அணிந்து வந்திருக்கிறது என்றே கூறுவோம்.

ஒல்லாந்தர் காலத்தில் நம்மவர் ஆட்சிக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினர். இன்று அந்த அச்சம் இல்லை. ஆயினும் அயலவனுக்கு எதிராகச் சாத்திய கதவுகள் இன்னும் பல. அவற்றைத் திறப்பது குருவானவரின் வேலையன்று, வீட்டுக்காரரின் வேலை. அடுத்த கூட்டம், இதுவரை நாம் எவரும் காலடி வைக்காத வீட்டில் நடக்கட்டும்!