அடைக்கலமாய் வந்த செய்தி

கம்பியில்லாத் தகவல் தொடர்பு என்றவுடன் அறுபடாத இணைப்பே நம் நினைவில் எழுகிறது. ஆயின் அலைபேசிக் கோபுரம் எட்டாத காட்டிலும், வெள்ளம் மின்சாரத்தைப் பறித்த நகரிலும் அத்தகைய இணைப்பு வாய்ப்பதில்லை. அங்கே ஒரு கருவி செய்தியைப் பெற்றுச் சேமித்து, மற்றொரு கருவியைச் சந்திக்கும் வரை சுமந்து, பின்னரே கையளிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு கெவின் ஃபால் வகுத்துரைத்த 'தாமதம் தாங்கும் வலைப்பின்னல்' இத்தகையதே.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004இல் கென்யாவின் வரிக்குதிரைகளுக்குக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டைகளை அணிவித்தனர். விலங்குகள் நெருங்கியபோது பட்டைகள் தம் இருப்பிடக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டன. அங்கு ஐயத்திற்கு இடமில்லை. பட்டைகள் யாவும் ஒரே ஆய்வுக் குழுவின் உடைமை. மக்கள் கையிலுள்ள தொலைபேசிகளோ அவ்வாறல்ல. பிறர் செய்தியைச் சுமந்தால் தன் மின்கலம் தேயும். எனவே தன் செய்தியைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு, பிறர் செய்தியைக் கைவிடும் தன்னலக் கருவிகள் தோன்றுதல் இயல்பே. யாவரும் அங்ஙனம் செய்யின் வலைப்பின்னல் என்பதே எஞ்சாது.

காவல் வைத்தால் தீராதோ எனச் சிலர் வினவலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் அத்தகைய முறையொன்றை முன்வைத்தனர். செய்தியைக் கொடுத்த கருவி, பெற்ற கருவி அதனை மேலே அனுப்புகிறதா என அருகிருந்து ஒட்டுக்கேட்கும். இணைப்பு விட்டுவிட்டு வாய்க்கும் இடத்தில் இது பயன்படாது. செய்தியைப் பெற்றவர் தொலைவு சென்று நாளை ஒப்படைக்கக்கூடும். கேட்பதற்கு அருகில் எவருமிரார்.

ஆகவே, சந்திக்கும் இரு கருவிகளும் கொண்டதையும் கொடுத்ததையும் மின்னணுக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டாக வைத்திருத்தலே தக்க வழி என்பது என் துணிபு. அடுத்துச் சந்திக்கும் கருவி அச்சீட்டுகளைக் கண்டு நம்பிக்கையை அளவிடலாம். மறையீடு செய்தியின் உள்ளடக்கத்தைக் காக்குமேயன்றி, அதனை உரியவரிடம் சேர்க்கும் கடமையைச் சுமப்பவர்மேல் சுமத்தாது.

எனினும் ஈண்டு இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, எவரையும் சந்திக்க வாய்ப்பில்லாமையால் செய்தியைக் கொடுக்க இயலாத கருவியையும், வேண்டுமென்றே கைவிட்ட கருவியையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. ஒரு தவறு கண்டு ஒதுக்காமல், பல சந்திப்புகளை எடைபோட்டே தீர்ப்பளிக்க வேண்டும். இரண்டாவது, யார் யாரை எப்போது சந்தித்தார் என்பதையும் பற்றுச்சீட்டு காட்டிக்கொடுக்கும். ஆளைக் கண்காணிக்க விழைவோர்க்கு அது பெரும் கருவூலம். எனவே குறித்த காலத்தில் அது அழிந்துவிடுமாறு அமைத்தல் இன்றியமையாதது.

வெள்ளத்தில் உதவி கோரி ஒருவர் அனுப்பிய செய்தி, அவருடைய தொலைபேசி அணைந்தபின் முன்பின் அறியாதவர் கையில் மட்டுமே உயிர்வாழ்கிறது. அதனை அடைக்கலப் பொருளாகப் பேணும் ஒழுங்கை, இடர் வந்தபின் அன்று, கருவியை வடிக்கும்போதே வகுத்தல் வேண்டும்.