இல்லத் தோட்டம்: படரும் கொடியும் அடுத்த வீட்டு வேலியும்

ஆடி பிறந்ததும் பரங்கி விதையும் சுரை விதையும் ஊன்றுவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். விதை முளைத்து, நான்கைந்து இலை விட்டு, கொடி ஓடத் தொடங்கும்வரை வீட்டார் அனைவருக்கும் மகிழ்ச்சியே. அதன் பின்னரே தொல்லை தொடங்குகிறது. கொடி நடைபாதையை மறிக்கிறது, கிணற்றடியைச் சூழ்கிறது, வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியின் மேல் படர்கிறது. பூவோ ஏராளம், பிஞ்சு ஒன்றையும் காணோம். "இது மலட்டுக் கொடி" என்று தாயார் சலித்துக்கொள்ள, தந்தையார் அரிவாளை எடுத்துவிடுகிறார். காய்க்கப்போகும் தறுவாயில் கொடி வெட்டுப்படுகிறது.

அன்பர்களே, அரிவாளை எடுக்குமுன் பூவைச் சற்று உற்றுப் பாருங்கள். இவ்வினக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில் பூப்பவை. முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை மெல்லிய காம்பில் நின்று, மலர்ந்து, உதிர்ந்துபோகும். ஒன்றிரண்டு வாரம் கழித்தே பெண் பூ தோன்றும். இதழுக்குக் கீழே சிறு பிஞ்சு திரண்டிருப்பதே அதன் அடையாளம். ஆகவே பூ உதிர்வது கண்டு மனம் தளரவேண்டியதில்லை.

பெண் பூ வந்த பின்னும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தால், பெரும்பாலும் தேனீக்களின் வரவு போதவில்லை என்று கொள்ளலாம். அப்போது நம் கையே உதவவேண்டும். பரங்கிப் பூ விடியலில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். அவ்வவ்வேளையில், புதிதாய் மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். பூக்கள் மலர்ந்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்கலாகாது, தேனீக்கள் மடிந்துபோகும்.

இனி, கொடியை அடக்கும் முறையைக் காண்போம். சுரை, பீர்க்கு, புடல், பாகல் ஆகியவற்றுக்குப் பந்தலே தக்க இடம். ஏறத்தாழ 6 அடி உயரத்தில் மூங்கிலும் கயிறும் கொண்டு அமைத்தால், கீழே நடக்கவும் காய் பறிக்கவும் எளிது. பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி, ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். எட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் பந்தலெங்கும் பரவும். சுரையில் பெண் பூக்கள் பெரும்பாலும் இக்கிளைகளிலேயே தோன்றுவதால் காயும் பெருகும்.

பரங்கியும் சாம்பல் பூசணியும் தரையில் ஓடுபவை. 15, 20 அடிகூட நீளும். குழிக்குக் குழி 6 அடிக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, குழிக்கு இரண்டு நாற்றுகளை மட்டும் நிறுத்துங்கள். சிறு தோட்டத்துக்கு ஒரு குழியே போதும். கொடி இளசாயிருக்கும்போதே நுனியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, குழியைச் சுற்றி வளையமாக ஓடவிடலாம். காலையில் தண்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும், தொட்டால் ஒடியும். வெயில் ஏறித் துவண்டிருக்கும் பிற்பகலே திருப்புவதற்கு ஏற்ற வேளை. கணுக்களில் வேர் விட்ட பகுதியை இழுக்காதீர்கள். அதன்மேல் ஒரு பிடி மண் அணைத்தால் கொடி கூடுதல் ஊட்டம் பெறும். ஒரு கொடியில் இரண்டு மூன்று காய் நன்கு பிடித்தபின், கடைசிக் காய்க்கு அப்பால் நாலைந்து இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். ஓட்டம் நிற்கும், காய் பருக்கும். காயின் அடியில் வைக்கோலோ ஓட்டுத் துண்டோ வைத்தால் ஈரத்தில் அழுகாது.

தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரடியில் ஊற்றுங்கள். பழ ஈ துளைத்து விழுந்த பிஞ்சுகளை அங்கேயே விட்டுவிடாமல் ஆழமாகப் புதையுங்கள். அவற்றிலுள்ள புழுக்களே அடுத்த தலைமுறை ஈக்களாகும்.

இவ்வளவு செய்தும் ஒரு கிளை வேலி தாண்டிவிடக்கூடும். கொடியின் பொருட்டுப் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. அவர்கள் குறை சொல்லும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சென்று, "எங்கள் கொடி உங்கள் பக்கம் வந்துவிட்டது, திருப்பிவிடட்டுமா, அங்கேயே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். இருக்கட்டும் என்றால், அப்பக்கம் காய்ப்பது அவர்களுடையது. திருப்பச் சொன்னால், அன்று பிற்பகலே திருப்பிவிடுங்கள்.