யாருக்கு அது தூரம்?



முதல் வருடம் சேர்ந்த புதிதில் ஒருநாள் வகுப்புக்கு லேட்டாக வந்தேன். "எந்த ஊர்ப்பா?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அது எங்கேயோ காட்டுக்குள்ள இல்ல இருக்கு!" என்றது பின் பெஞ்சு. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்றைக்குக் கோபப்படத் தைரியம் வரவில்லை.

அந்தக் கோபம்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊர் அப்புறம். உலகத்திலேயே 'எங்கேயோ காட்டுக்குள்ள' என்று சொல்லத் தகுந்த இடம் எது? லைப்ரரியிலும் போனிலுமாகத் தேடி நான் போய் நின்ற இடம், ரஷ்யாவின் சைபீரியாவில் உள்ள யாகூத்தியா. பரப்பு சுமார் 30.8 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவே ஏறக்குறைய 32.9 லட்சம்தான்! நாம் 140 கோடிப் பேர். அங்கே சுமார் 10 லட்சம் பேர். அங்குள்ள ஒய்மியாகோன் என்ற ஊரில் 1933-ல் பூஜ்யத்துக்குக் கீழே 67.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. நாமோ மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிறோம்.

சிவில் படிக்கிற நமக்கு அங்கே பாடம் தரைக்கு அடியில் இருக்கிறது. தலைநகர் யாகூத்ஸ்க்கில் ஷெர்கின் என்ற கம்பெனி ஊழியர் ஒருவர் தண்ணீருக்காக 1828-ல் கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் ஆழம் போயும் தண்ணீர் இல்லை. அடி வரைக்கும் உறைந்த மண்! கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் இளகும், அவ்வளவுதான். நாம் போடுகிற மாதிரி அங்கே அஸ்திவாரம் போட்டால், வீட்டுச் சூடு கீழே இறங்கி மண்ணை இளக்கிவிடும், கட்டடம் ஒரு பக்கமாக அமுங்கும். அதனால் பைல் இறக்கி, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று போக இடம் விட்டுக் கட்டுகிறார்கள். குளிர்காற்று அடியில் ஓடி மண்ணை உறைந்தபடியே வைத்திருக்கும். வெந்நீர்க் குழாயைக்கூடப் புதைப்பதில்லை. தரைக்கு மேலேயே கொண்டுபோய், ரோடு குறுக்கிட்டால் பந்தல் வாசல் மாதிரி தூக்கி வளைத்துவிடுகிறார்கள். எந்தக் குளிர் ஆளைக் கொல்லுமோ அதையே அஸ்திவாரத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! இப்படி மூன்றரை லட்சம் பேர் வாழும் நகரம் அது. வெளியே சாகா மக்கள் பல நூறு வருடமாகக் குதிரை வளர்க்கிறார்கள். அந்தக் குதிரைகள் பனியைக் குளம்பால் கிளறிப் புல் மேயும். இதையா ஆளில்லாத வனாந்தரம் என்பது?

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிந்த விஷயம்.

1954-ல் லாரிசா பொபுகாயெவா என்ற பெண் நிலவியலாளர் அங்கே வைரப் பாறையைக் கண்டுபிடித்தார். மறுவருடம் மீர்னியில் இன்னொன்று. அந்த உறைந்த தரையில் 500 மீட்டருக்கு மேல் ஆழமாகப் பள்ளம் தோண்டி வைரம் எடுத்தார்கள். பக்கத்துக் கோலிமாவில் தங்கத்துக்காக 1932 முதல் கைதிகளை வைத்து ரோடு போட்டார்கள். செத்தவர்கள் அத்தனை பேர், அதற்கு 'எலும்புச் சாலை' என்றே பேர் வந்துவிட்டது. வைரத்துக்கும் தங்கத்துக்கும் வழி பிறந்தது. யாகூத்ஸ்க் மக்களுக்கு? ஊரை ஒட்டி ஓடும் லேனா ஆற்றின் மேல் இன்றுவரை வண்டி போகப் பாலமில்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரி ஓடும். இடையில் ஆறு உறையும்போதும் உடையும்போதும் சில வாரம் இரண்டும் கிடையாது.

ஆறு அகலம், பனிப்பாளம் மோதும், பாலம் கட்டுவது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளம் மட்டும் சுலபமா? எடுத்துப்போக வரும்போது யாருக்கும் தூரம் தெரிவதில்லை, கொடுக்க வேண்டியிருக்கும்போதுதான் அது 'எங்கேயோ' ஆகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது எங்கள் ஊர். அப்பா கல் குவாரியில் வேலை. டிப்பர் போகிற தார் ரோடு கிரஷர் வாசலோடு நின்றுவிடும். பஸ்ஸும் அங்கேயே திரும்பிவிடும். அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்ட வேண்டும். அன்றைக்கு நான் லேட்டானது அதனால்தான். பின் பெஞ்சு நண்பர்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? அந்தக் 'காட்டிலிருந்து' போகிற முக்கால் ஜல்லிதான் இந்தச் சுற்றுவட்டாரக் கட்டடங்களில் இருக்கிறது. நம் ஹாஸ்டல் புதுக் கட்டடத்துக்கு லோடு இறங்கியபோது டிப்பர் டிரைவர் என்னைப் பார்த்து, "என்ன மாப்ளே, இங்கயா படிக்கிறே?" என்றார்!

கடைசி வருடப் புராஜெக்டுக்கு எல்லாரும் அபார்ட்மெண்ட் பிளான் போடுகிறோம். நான் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு லெவல் எடுத்து, ஓடைக்கு ஒரு கல்வெர்ட் டிசைன் செய்து, எஸ்டிமேட்டோடு பஞ்சாயத்தில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். லெவல் மெஷினும் ஸ்டாஃபும் டிபார்ட்மெண்டில் கேட்டாயிற்று. இன்னும் மூன்று பேர் வேண்டும். கிரஷர் ஸ்டாப்பில் இறங்கி நடக்கணும். மதியச் சாப்பாடு எங்க வீட்டில்.

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்