கூட்டுறவா, பணக்காரர் கூட்டா?

நியூயார்க்கில், போருக்கு முந்திய கட்டிடத்தில், ஒற்றைப் படுக்கையறை வீடு. அதற்குப் பெயர் ‘கூட்டுறவு வீடு’! வாங்குகிறவனுக்குக் கிடைப்பது வீடல்ல, தோழர்களே; கம்பெனிப் பங்கும் ஒரு குத்தகைச் சீட்டும்தான். மாதாமாதம் பராமரிப்புப் பணம் வேறு அழவேண்டும்.

பணமிருந்தாலும் போதாது. நிர்வாகக் குழு அவன் சொத்துக் கணக்கைப் புரட்டும், கூப்பிட்டு விசாரிக்கும், காரணம் சொல்லாமலே கதவைச் சாத்தும். 1979-ல் மாஜி ஜனாதிபதி நிக்சனுக்கே சாத்தினார்கள். அவருக்காக நாம் அழப்போவதில்லை! ஆனால் கறுப்புத் தொழிலாளிக்குச் சாத்தினால்? இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது சட்டம். காரணமே சொல்லாதவனை எப்படிப் பிடிப்பது?

கூட்டுறவு என்ற சொல் இவர்கள் வீட்டுச் சொத்தா? அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1927-ல் கூட்டுறவு வீடுகளைத் திறந்தது. கையில் வந்த வீட்டைச் சந்தையில் விற்று லாபமடிக்க அங்கே இடமில்லை. அதே பிராங்க்ஸில், அல்லர்டன் அவென்யூவில், இடதுசாரித் தொழிலாளர்கள் 700-க்கு மேற்பட்ட வீடுகள் எழுப்பினார்கள். 1930-களின் நெருக்கடியில் வேலையிழந்து வாடகை கட்ட முடியாதவர்களை அவர்கள் தெருவில் தள்ளவில்லை. அடமானக் கடன்தான் 1943-ல் அந்தக் கூட்டுறவை விழுங்கிற்று.